பார்த்தது, அளந்தது, ஊகித்தது: ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் கேஸ் ஸ்டடி எழுதும் முறை

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் ஹோம் விசிட் முடித்து வந்த மூன்றாமாண்டு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சை) மாணவி, தன் அசைன்மென்ட்டில் இப்படி மூன்று வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வீடு நோயாளிக்கு ஏற்றதாக இல்லை. அவர் மிகவும் சிரமப்படுகிறார். தொடர்ந்து தெரபி கொடுத்தால் நல்ல முன்னேற்றம் ஏற்படும்.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போகும் இன்னொரு தெரபிஸ்டால் ஒரு கைப்பிடிகூடப் பொருத்த முடியாது. எந்தப் படி, எவ்வளவு உயரம், என்ன செய்யும்போது சிரமம், எதை வைத்து முன்னேற்றம் என்கிறார், எதுவுமே அதில் இல்லை.

மதிப்பெண் குறைந்தால் ஆங்கிலம் சரியில்லை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கண்ணால் பார்த்தது, கருவியால் அளந்தது, மனத்தால் ஊகித்தது மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடப்பதுதான் காரணம். அவற்றைப் பிரித்து எழுதப் பழகிவிட்டால் ஆங்கிலம் பாதி தானே சரியாகிவிடும். பிசியோதெரபி, நர்சிங், ஸ்பீச் தெரபி படிப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இனி வரும் விளக்கங்களுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விளக்குவதற்காகவே உருவாக்கிய ஆள் இவர்: அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஓர் ஆச்சி. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் பலம் குறைந்திருக்கிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர். வீட்டுக்குள் நான்குகால் ஊன்றுகோல், வெளியே போக வீல்சேர். பக்கவாதத்துக்கு முன் பனையோலையில் கொட்டான் (ஓலைக் கூடை) முடைந்துகொண்டிருந்தார்.

எழுத்து வாசலிலேயே தொடங்குகிறது

ஹோம் விசிட்டுக்கு 5 மீட்டர் இரும்பு டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், ஒரு நோட்டு போதும். நோட்டின் பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பார்த்தது, அளந்தது, ஊகித்தது. மூன்றாவது பத்தியை அங்கேயே நிரப்ப வேண்டாம். அன்று இரவு போதும். முதல் இரண்டையும் ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதலாம் என்று விட்டால் எண்கள் மறந்துபோய், ‘உயரமான படி’, ‘நீளமான வளவு’ என்ற சொற்கள்தான் மிஞ்சும்.

செட்டிநாட்டு வீட்டை ‘பெரிய பாரம்பரிய வீடு’ என்று ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. தெருவிலிருந்து திண்ணை, முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நேர்கோட்டில் போகும் வீடு அது. ஆச்சி படுக்கிற இடத்திலிருந்து கழிவறைக்குப் போகும் வழியைத் தனியாக நடந்து அளங்கள். எத்தனை மீட்டர், எத்தனை நிலைப்படி, ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ., எங்கே பிடிக்கத் தூண் இருக்கிறது, எங்கே ஒன்றும் இல்லை. வானம் பார்த்த முற்றம் சுற்றுத் தாழ்வாரத்தைவிட எவ்வளவு பள்ளம் என்பதையும் குறியுங்கள். மழை பெய்தால் எந்தப் பகுதி நனைகிறது என்று வீட்டாரிடம் கேளுங்கள். ஆத்தங்குடிக் கல் காய்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, ஈரக்காலோடு மிதிக்கும்போது வேறு மாதிரி. தரை வழுக்கும் என்று எழுதினால் எந்த நிலையில் என்று சேர்த்து எழுத வேண்டும்.

எண் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி: 18, 19, 17 செ.மீ. மொத்த ஏற்றம் 54 செ.மீ. சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட சரிவு 1:12. அப்படியானால் 54 × 12 = 648 செ.மீ., கிட்டத்தட்ட ஆறரை மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மேலும் கீழும் வண்டி திரும்ப இடம் தனி. முன்வாசலில் வைத்தால் அது தெருவுக்குள் போய்விடும். ஆனால் இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்வாசலில் ஒரே படி, 14 செ.மீ. என்று அளந்திருந்தால் 168 செ.மீ. சாய்தளமே போதும். ‘பின்வாசல் வழியாக வெளியேறப் பரிந்துரைக்கிறேன்’ என்ற உங்கள் முடிவு இப்போது கருத்தாக இல்லாமல் கணக்காகிவிட்டது. விவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் அதை அசைக்க முடியாது. ஆச்சி தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். அவருடைய விருப்பமும் தரவுதான். அப்போது கைப்பிடி, துணைக்கு ஒரு ஆள் என்று வேறு வழியை எடைபோட வேண்டியிருக்கும்.

ஊகத்தைப் பிரிப்பது எண்ணைவிடக் கடினம். இரண்டு விசிட்டிலும் ஆச்சி வளவை விட்டு வரவில்லை. இது பார்த்தது. படி ஏற முடியாததால் வெளியே வருவதில்லை என்பது ஊகம். விழுந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம். கை மடங்கிய நிலையில் தெருவார் பார்ப்பார்களே என்ற கூச்சமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. கேட்டு உறுதிசெய்யாத வரை ‘இருக்கலாம்’ என்றே எழுதுங்கள்; அடுத்த விசிட்டில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

ஆச்சி சொன்னதை ஆங்கிலத்தில் ஏற்றுவது

நம் பக்கத்து மாணவர் எழுதும் கேஸ் ஷீட்களில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடம். நோயாளி தமிழில் சொல்கிறார். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள். நடுவில் உடம்பே இடம் மாறிவிடுகிறது.

‘கை’ என்பது தமிழில் தோளிலிருந்து விரல் நுனி வரை. ‘கால்’ என்பது தொடையிலிருந்து பாதம் வரை. ‘கை வலிக்குது தாயி’ என்று ஆச்சி சொன்னதும் ஹேண்ட் பெயின் என்று எழுதிவிட்டால், பக்கவாதத்துக்குப் பின் அடிக்கடி வரும் தோள்வலி கண்ணில் படாமலே போகும். ‘எந்த எடம், ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க ஆச்சி’ என்று கேளுங்கள். தொட்டுக் காட்டிய இடத்தை எழுதுங்கள்.

‘நரம்பு’ என்பது இன்னொரு பொறி. பேச்சுவழக்கில் நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண் மூன்றையும் நரம்பு என்றே சொல்வோம். ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்றால் நெர்வ் என்று எழுதாதீர்கள்; தசை இறுக்கமா, பிடிப்பா, சுருக்கமா என்று பரிசோதித்து எழுதுங்கள். ‘மயக்கம்’ தலைசுற்றலாகவும் இருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது வருகிறதா, படுத்துப் புரளும்போதா, எத்தனை நொடி நீடிக்கிறது என்ற மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும். ‘மரத்துப் போச்சு’ என்பதைச் சிலர் உணர்ச்சிக் குறைவுக்குச் சொல்கிறார்கள், சிலர் கனத்துப்போய்த் தூக்க முடியாததற்குச் சொல்கிறார்கள். முதலாவது புலன், இரண்டாவது பலம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்னஸ் என்ற சொல்லை எழுதும் உரிமை வருகிறது.

பழக வேண்டிய முறை இது. நோயாளியின் சொல்லை முதலில் அவர் சொன்னபடியே தமிழில் குறியுங்கள். பக்கத்தில், நீங்கள் கேட்டுத் தெளிந்த பொருளை எழுதுங்கள். அறிக்கையில் ஆங்கிலப் பொருளை மேற்கோள் குறி இல்லாமல் தாருங்கள். மேற்கோள் குறிக்குள் ஆங்கில வாக்கியம் போட்டால் ஆச்சி ஆங்கிலத்தில் பேசியதுபோல் ஆகிவிடும். மொழிபெயர்ப்பு என்று குறிப்பிட்டால்தான் அது நேர்மை. மகளோ மருமகளோ சொன்னதை ஆச்சி சொன்னதாக எழுதவே கூடாது. யார் சொன்னது என்பது ஒவ்வொரு தகவலோடும் ஒட்டியிருக்க வேண்டும். ‘தானே குளிக்கிறார்’ என்று ஆச்சியும், ‘நான்தான் குளிப்பாட்டுறேன்’ என்று மகளும் சொன்னால் இரண்டையும் எழுதிவிட்டு, குளியலறையில் நீங்கள் கண்டதை மூன்றாவதாக எழுதுங்கள்.

துறையின் பெயரிலேயே ஒரு தடுக்கல் உண்டு. ஆக்குபேஷன் என்றதும் நமக்குத் தொழில், சம்பளம் என்று போகிறது. இத்துறையில் அது ஒருவர் தன் நாளை நிரப்பும் செயல்கள் எல்லாமே: பல் துலக்குவது, பேரனுக்குச் சோறு ஊட்டுவது, கோயிலுக்குப் போவது, கொட்டான் முடைவது. கேஸ் ஷீட்டில் ஆக்குபேஷன் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று ஒரு சொல் போட்டு முடிப்பவர் அந்தக் கேஸ் ஸ்டடியின் நடுப்பகுதியையே காலியாக விடுகிறார்.

மதிப்பெண்ணை எழுதும் விதம்

பார்த்தல் (Barthel) இண்டெக்ஸ், அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று மதிப்பிடும் அளவுகோல்; 1965 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 10 உருப்படி, மொத்தம் 100. ‘பார்த்தல் 65%’ என்று எழுதுவது தவறு. அது வரிசை அளவுகோல்; எது கூட, எது குறைவு என்று மட்டுமே காட்டும். ஆச்சி 65 சதவீதம் சுதந்திரமாக இருக்கிறார் என்று பொருள் இல்லை. 65/100 என்று எழுதி, எந்த உருப்படியில் எத்தனை போனது என்று சொல்லுங்கள். மாடிப்படியில் 0, குளியலில் 0 என்ற தகவலில்தான் திட்டம் பிறக்கிறது. மொத்த எண்ணில் இல்லை.

அளவுகோல் நம் வாழ்க்கையில் எதைத் தவறவிடுகிறது என்று எழுதினால் உங்கள் கட்டுரை ஒரு படி மேலே போகும். ஆச்சி இடக்கையில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிடுகிறார் என்றால் உணவு உருப்படியில் முழு 10 கிடைத்துவிடும். ஆனால் வலக்கையால் பிசைந்து சாப்பிட முடியாததால் கல்யாணப் பந்தியில் உட்கார மறுக்கிறார் என்றால் அந்த 10 அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதற்கும் பார்த்தலில் இடம் இல்லை.

அதற்குத்தான் சி.ஓ.பி.எம். (கனேடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர்). அதில் நோயாளியே தனக்கு முக்கியமான செயல்களைச் சொல்கிறார். முக்கியத்துவத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பிட்டு, அதிகபட்சம் ஐந்து பிரச்சினைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் செயல்திறன், திருப்தி என இரண்டு மதிப்பெண் தருகிறார். நம் ஆச்சி கொட்டான் முடைவதற்குச் செயல்திறன் 2, திருப்தி 1. பந்தியில் வலக்கையால் சாப்பிடுவதற்கு 3, 2. தெருவுக்குப் போவதற்கு 2, 2 என்று தந்தார் என்போம். சராசரி செயல்திறன் 7 ÷ 3 = 2.3; திருப்தி 5 ÷ 3 = 1.7. ஆறு வாரம் கழித்துச் செயல்திறன் 4.7 ஆனால் உயர்வு 2.4. 2 புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்தத்தக்கதாகக் கொள்வது வழக்கம். ஆகவே மாற்றம் கவனிக்கத்தக்கது என்று எழுதலாம். தெரபியால்தான் வந்தது என்று எழுத முடியாது. பக்கவாதம் வந்து நான்கு மாதமே ஆன உடம்பு தானாகவும் தேறிக்கொண்டிருக்கும். ஒப்பிட இன்னொருவர் இல்லை. இதை ஒப்புக்கொண்டு எழுதுவதால் மதிப்பெண் குறையாது, கூடும்.

தசை இறுக்கத்துக்கு மாடிஃபைடு ஆஷ்வொர்த் அளவுகோலைப் பயன்படுத்தினால் 1+ என்பதை 1.5 என்று மாற்றிச் சராசரி எடுக்காதீர்கள். 0, 1, 1+, 2, 3, 4 என்பவை படிநிலைப் பெயர்கள். அவற்றுக்கிடையே சம தூரம் இல்லை. நினைவு, கவனம் போன்ற அறிதிறனுக்கு மோகா (மான்ட்ரியல் காக்னிடிவ் அசெஸ்மென்ட்) சோதனை செய்தால் 30க்கு எத்தனை என்பதோடு, தமிழ் வடிவம் பயன்படுத்தினீர்களா, பள்ளிப் படிப்பு எத்தனை ஆண்டு, 12 ஆண்டோ அதற்குக் குறைவோ என்பதால் ஒரு புள்ளி சேர்த்தீர்களா என்று எழுதுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு இந்த விவரம் இல்லாமல் ஒரு எண்ணைப் போடுவது அநியாயம்.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது

பெருநகரத்தில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது. இங்கே அப்படி இல்லை. ஊர்ப்பெயர், நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், வீட்டு விலாசத்து முதலெழுத்து, மலேசியாவில் இருக்கும் மகன் என நான்கில் இரண்டு சேர்ந்தாலே காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊருக்குப் பதில் ‘சிவகங்கை மாவட்டத்து ஊர்’, 68 வயதுக்குப் பதில் ‘அறுபதுகளின் பிற்பகுதி’, விலாசமும் கோயிலும் முற்றாக நீக்கம். புகைப்படத்தில் முகத்தை மறைத்துவிட்டு நிலைக்கதவின் கஜலட்சுமிச் செதுக்கலை விட்டுவைத்தால் வீடு தெரிந்துவிடும். படியின் அளவுதான் வேண்டும் என்றால் படியை மட்டும், டேப் தெரியும்படி எடுங்கள். போனின் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள்.

சம்மதம் எழுத்தில், தமிழில், ஆச்சியிடமே வாங்க வேண்டும். மகன் போனில் சரி என்று சொன்னது ஆச்சியின் சம்மதம் ஆகாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளைக் கல்லூரி நூலகத்தில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதுநிலை ஆய்வில் மனிதர்களிடம் சிகிச்சை முறையைச் சோதிப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழு அனுமதியும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவும் முடிந்திருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஆய்வை நல்ல ஜர்னல்கள் எடுப்பதில்லை.

தேடுவதும் எடைபோடுவதும்

கூகுளில் முழுக் கேள்வியைத் தட்டுவதற்கு முன் கேள்வியை நான்காக உடையுங்கள்: யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு. நம் ஆச்சிக்கு: பக்கவாதம் வந்து வீட்டில் இருப்பவர், வீட்டிலேயே செயல்வழிப் பயிற்சி, வழக்கமான பராமரிப்பு, அன்றாடச் செயல். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஸ்ட்ரோக், ஆக்குபேஷனல் தெரபி, ஆக்டிவிட்டீஸ் ஆஃப் டெய்லி லிவிங் மூன்றுக்கும் மெஷ் தலைப்புகள் (கட்டுரைகளை வகைப்படுத்தும் நிலையான சொற்கள்) உண்டு. ஒரே பொருளுடைய சொற்களை ‘ஆர்’ போட்டு அடைப்புக்குள் சேர்த்து, தொகுதிகளை ‘ஆண்ட்’ போட்டு இணையுங்கள். அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆயிரக்கணக்கில் சம்பந்தமில்லாதவை கொட்டும். தேடிய தேதி, தேடிய சொல், வந்த எண்ணிக்கை மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள், மறுநாள் நினைவிருக்காது.

கட்டுரையைச் சுருக்கம் மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். சுருக்கம், முறை, அட்டவணை என்ற வரிசையில் படித்து, கடைசியாக விவாதத்துக்கு வாருங்கள். ஆசிரியர்களின் நம்பிக்கை விவாதத்தில் இருக்கும். உண்மை அட்டவணையில் இருக்கும்.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பக்கவாதத்துக்குப் பின் அன்றாடச் செயலுக்கான ஆக்குபேஷனல் தெரபி பற்றிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) ஆய்வுத்தொகுப்பு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. 9 ஆய்வுகள், 994 பேர். அன்றாடச் செயல் மதிப்பெண்ணில் தரப்படுத்திய சராசரி வேறுபாடு (வெவ்வேறு அளவுகோல்களை ஒரே அலகுக்குக் கொண்டுவந்த வேறுபாடு) 0.17, 95% நம்பக இடைவெளி 0.03 முதல் 0.31 வரை. சான்றின் தரம் குறைவு என்று தொகுத்தவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து ‘ஆக்குபேஷனல் தெரபி பலனளிக்கும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால் மூன்று தவறு. நிரூபணம் இல்லை, பலனின் அளவு சிறிது, சான்றின் தரம் சொல்லப்படவில்லை. சரியான வாக்கியம் இப்படிப் போகும்: ‘9 ஆய்வுகளைத் தொகுத்த 2017 ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அன்றாடச் செயல்களில் சிறிய முன்னேற்றம் கிடைக்கக்கூடும் என்று காட்டுகிறது, சான்றின் தரம் குறைவு.’ அடுத்த வரியில் உங்கள் சொந்தச் சிந்தனை வர வேண்டும்: அந்த ஆய்வுகள் எந்த நாட்டு வீடுகளில் நடந்தன, அங்கே தரையில் உட்காரும் வழக்கம் உண்டா, தெரபிஸ்ட் எத்தனை முறை வந்தார், நம் ஆச்சிக்கு அத்தனை முறை கிடைக்குமா. மதிப்பிடுபவர் தேடுவது இந்த வரியைத்தான்.

1500 சொல்லைப் பங்கிடுவது

1500 சொல் கேஸ் ஸ்டடி என்றால் அறிமுகத்துக்கு 120, மதிப்பீட்டுக்கு 380, பகுப்பாய்வுக்கு 500, இலக்கும் திட்டமும் 350, எல்லைகளும் முடிவும் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் பக்கவாதம் என்றால் என்ன, அது எத்தனை வகை என்றே 600 சொல் எழுதிவிடுகிறார்கள். திருத்துபவருக்கு அது தெரியும். இந்த ஆச்சியை அவருக்குத் தெரியாது.

பகுப்பாய்வில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் தந்த ஐ.சி.எஃப். (ஒருவரின் செயல்பாட்டையும் இயலாமையையும் வகைப்படுத்தும்) சட்டகம் இதற்கு நல்ல ஊன்றுகோல்: உடல் செயல்பாடு, செயல், பங்கேற்பு, சூழல். கொட்டான் முடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்க்கு நீக்கிய ஓலைக் கீற்றை ஈரப்பதத்தோடு வைத்திருக்க வேண்டும்; ஒரு கை பின்னலை அசையாமல் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கீற்றை மேலும் கீழுமாக நுழைத்து இழுக்க வேண்டும்; இழுப்பு ஒரே அளவாக இல்லாவிட்டால் கொட்டான் கோணும். ஆச்சியின் வலக்கை இறுக்கிப் பிடிக்கிறது, ஆனால் விரலைத் தனித்தனியாக அசைக்க வரவில்லை என்று பரிசோதனையில் கண்டிருந்தால், வலக்கைக்குப் பிடிக்கும் வேலையும் இடக்கைக்கு நுழைக்கும் வேலையும் தரலாம் என்ற யோசனை அங்கேயே பிறக்கிறது. தரையில் உட்காருவதற்குப் பதில் வளவுத் தூணில் சாய்ந்த நாற்காலியும் முன்னால் உயரமான பலகையும் போடலாம். இது சூழல். முடைந்ததை ஆச்சி தன் கையால் பேத்திக்குக் கொடுப்பது பங்கேற்பு. ஒரு செயலை இப்படிப் பிரித்துக் காட்டினாலே 500 சொல் நிறைந்துவிடும். புத்தக வரையறைகளை நகலெடுக்கத் தேவையே வராது.

ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வேலை. முதல் வரியில் உங்கள் கூற்று, அடுத்து அளவு, அடுத்து வாசித்த சான்று, கடைசியில் ஆகவே என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. ‘ஆகவே’ வராத பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது.

இலக்கு

‘கைப் பலத்தை அதிகரித்தல்’ இலக்கு அல்ல, ஆசை. யார், என்ன செய்வார், எந்த நிலையில், எந்த அளவுக்கு, எத்தனை நாளில் என்ற ஐந்தும் வேண்டும். ‘ஆறு வாரத்துக்குள் ஆச்சி, வளவில் நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையால் பின்னலைப் பிடித்து இடக்கையால் கீற்றை நுழைத்து, யாரும் தொடாமல், வாயால் மட்டும் இரண்டு முறை நினைவூட்டினால் போதும் என்ற அளவில், 20 நிமிடத்தில் சிறு கொட்டானின் அடிப்பகுதியை முடைவார்.’ எட்டியதா இல்லையா என்று யார் போய்ப் பார்த்தாலும் ஒரே பதில் சொல்ல முடிந்தால் அது இலக்கு.

தமிழ் நாக்கில் வரும் ஆங்கிலப் பிழைகள்

‘ஆறு மாசமா’ என்பது மனத்தில் ஓடும்போது கை சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ் என்று எழுதிவிடும். கால அளவுக்கு ஃபார், தொடங்கிய நாளுக்குச் சின்ஸ். ‘பலவீனம் இருக்கு’ என்பது இஸ் ஹேவிங் வீக்னஸ் ஆகும், ஹேஸ் போதும். டிஸ்கஸ் அபவுட்டில் அபவுட் வேண்டாம். செய்து, பார்த்து, கேட்டு, பிறகு என்று தமிழில் நாலு வினையெச்சம் கோத்துக் கடைசியில் முற்று வைக்கலாம். ஆங்கிலத்தில் அதே நீளம் மூச்சை முட்டும். இரண்டு செயலுக்கு மேல் போனால் முற்றுப்புள்ளி வையுங்கள். நீங்கள் செய்ததும் கண்டதும் இறந்தகாலத்தில், பொதுவாக நிலைபெற்ற அறிவு நிகழ்காலத்தில்.

சொல்லில் மரியாதையும் வேண்டும். ‘ஸ்ட்ரோக் பேஷண்ட்’ என்பதைவிடப் பக்கவாதம் வந்த ஒருவர். வீல்சேரில் முடங்கியவர் அல்ல, வீல்சேர் பயன்படுத்துபவர். பயிற்சி செய்யாதவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று முத்திரை குத்தாமல் ஏன் செய்யவில்லை என்று எழுதுங்கள். காலையில் தண்ணீர் வரும் நேரமும் பயிற்சி நேரமும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

மேற்கோளும் நகலும்

மேற்கோள் காட்டும் முறை ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பா, வான்கூவரா என்று கல்லூரி சொல்வதைக் கேட்டு ஒன்றிலேயே நில்லுங்கள். தீசிஸ் சமர்ப்பிப்பவர்கள், நகலெடுப்பது பற்றிய யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிறர் எழுத்தோடு 10% வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40% வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60% வரை என்றால் திருத்தியதைத் தர ஓராண்டு தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. ஒரு வாக்கியத்தில் இரண்டு சொல்லை மட்டும் மாற்றுவது நகல்தான். மூலத்தை மூடிவைத்து, புரிந்ததைத் தமிழில் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். சொல் தானாக உங்களுடையதாகிவிடும்.

ஏ.ஐ. கருவிகள் இல்லாத கட்டுரைக்கும் பெயரும் ஆண்டும் வைத்துத் தந்துவிடும். ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட்டிலோ டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரைக்கே உரிய நிலையான இணைய அடையாள எண்) தட்டியோ திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். நோயாளியின் விவரத்தை அவற்றில் ஏற்றவே வேண்டாம்.

வீட்டுக்குக் கொடுக்கும் தாள்

கேஸ் ஸ்டடியின் பின்னிணைப்பாக ஹோம் ப்ரோகிராம் கேட்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கோப்பில் வைப்பது யாருக்கும் பயன்படாது. ஒரே பக்கம், தமிழில், 16 புள்ளி எழுத்து, மூன்று பயிற்சிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எங்கே உட்கார வேண்டும், எத்தனை முறை, எப்போது நிறுத்த வேண்டும். ‘அப்டக்‌ஷன் 10 ரெப்ஸ்’ என்றால் மகளுக்கு விளங்காது. ‘தோளை உயர்த்தாமல், முழங்கையை உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள், 10 முறை, தோளில் வலித்தால் நிறுத்துங்கள்’ என்றால் விளங்கும். படம் வரைந்தால் வலக்கையையே வரையுங்கள். இடக்கைப் படம் பார்த்து இடக்கைக்கே செய்துகொண்டிருப்பார்கள்.

கொடுத்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘நாளைக்குக் காலையில ஆச்சிக்கு எப்படிச் செய்வீங்க, இப்ப ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க’ என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, தாளில் அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, அவர் சொன்ன சொல்லாலேயே திருப்பி எழுதிக் கொடுங்கள். திருத்திய அந்தத் தாளின் நகலைப் பின்னிணைப்பில் வையுங்கள்.